இரண்டே முக்கால் கிலோ

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று நான் சொல்லாமல் விட்டது: "அக்கா, எனக்கு லேசான மிஷினே போதும்."

ஐந்தே சொற்கள். அதற்குப் பதிலாகச் சொன்னவை ஐந்நூறாவது இருக்கும். முறுக்குவிசை, சுழலும் வேகம், கம்ப்ரஸரின் கொள்ளளவு, காற்றுக் குழாயில் சேரும் ஈரம் என்று டீ ஆடை கட்டும்வரை பேசினேன். மரகதம் அக்கா பொறுமையாகக் கேட்டார். கடைக்குச் சொந்தக்காரர் என்பதால் எழுந்து போக முடியவில்லை.

விஷயம் இதுதான். ஆறு வருஷமாக உழைத்த எங்கள் கார் பாலிஷ் மிஷின் போன வாரம் புகைவிட்டுப் படுத்துவிட்டது. ஆடி முடிய இரண்டு வாரம்கூட இல்லை. ஆவணி பிறந்தால் முகூர்த்தம். கோயம்புத்தூரில் மாப்பிள்ளைக்கு முன்னால் காருக்குத்தான் அலங்காரம் நடக்கும். அதற்குள் புது மிஷின் வேண்டும். கரண்டில் ஓடுவதா, காற்றில் ஓடுவதா என்பதுதான் கேள்வி. டூல்ஸ் கடைக்காரர் இரண்டிலும் ஒவ்வொன்றைக் கொண்டுவந்து வைத்து, "பத்து நாள் ஓட்டிப் பாருங்க, புடிச்சத வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஹக்கீம் அண்ணனின் பெயிண்டிங் பட்டறை. அவருடைய பெரிய கம்ப்ரஸரிலிருந்து சுவரைத் துளைத்து எங்களுக்கும் ஒரு காற்றுக் குழாய் வருகிறது. கதவு இடுக்குகளில் தேங்கிய தண்ணீரை ஊதித் தள்ளுவதற்கு மட்டும் அதை வைத்திருக்கிறோம். அந்த உரிமையில் அவரும் ஆலோசனைக்கு வந்திருந்தார்.

"டீச்சர், காத்து மிஷினையே எடுங்க. லேசா இருக்கும். பொம்பளப் புள்ளைக்கு அதுதான் தோது."

நான் டீச்சர் இல்லை. எம்.ஏ. வரலாறு முடித்து, ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டு, மூன்று வருஷமாக இங்கே கார்களுக்குப் பாலிஷ் போடுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் புத்தகம் படிப்பதால் கிடைத்த பட்டம் அது.

'லேசா' என்பது என் காதில் விழவே இல்லை. 'பொம்பளப் புள்ளை' மட்டும் விழுந்தது. அந்த நொடியிலிருந்து நான் கரண்டு மிஷினின் வக்கீல். கட்சிக்காரரை அதுவரை ஒருமுறைகூடக் கையில் எடுத்துப் பார்த்திருக்கவில்லை.

"ஓட்டறவ நீ. நீ சொன்னாச் சரி," என்றார் அக்கா. "ஆனா ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு, கண்ணு."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஹக்கீம் அண்ணன் பெயிண்ட் கலக்கும் தராசில் இரண்டு மிஷினையும் எடை போட்டேன். கரண்டு மிஷின் இரண்டே முக்கால் கிலோ. காற்று மிஷின் ஒன்றே கால்.

"என்ன டீச்சர், கொளந்தைக்கு எட பாக்கறீங்களா? ரெட்டைப் புள்ளைல ஒண்ணு நோஞ்சானா இருக்குதே," என்றார் ஹக்கீம் அண்ணன்.

எடையைக் குறித்துக்கொண்டு, எடை ஒரு பொருட்டே அல்ல என்று வாதிடும் அறிக்கை ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். பத்துப் பக்கம் வரும்போலிருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மூன்று வருஷத்தில் வராத பத்துப் பக்கம் இதற்கு ஒரு மதியத்தில் வருகிறது. என் பேராசிரியர் பார்த்தால் அழுவார்.

நேர்மையாகச் சொன்னால் இரண்டிலும் குறை உண்டு. காற்று மிஷின் சூடாகாது, ஈரத்தில் ஓட்டினாலும் ஷாக் அடிக்காது, பொம்மை மாதிரி கையில் நிற்கும். ஆனால் காற்றைக் குடம் குடமாகக் குடிக்கும். கம்ப்ரஸர் ஒரு நொடி மூச்சு வாங்கினால் இதுவும் வாங்கும். அழுத்தினால் வேகம் குறைந்து நின்றுவிடும். கரண்டு மிஷின் அப்படி இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இதை அறிக்கையில் 'உறுதி' என்ற தலைப்பில் எழுதியிருக்கிறேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது என்றும் எழுதியிருக்கலாம். அந்த வாக்கியம் பக்கத்தில் இடம் கிடைக்காமல் போய்விட்டது.

மாலை வீட்டில் டம்ளர் கையிலிருந்து விழுந்தது. அம்மா புது சோப்பைக் குறை சொன்னாள். "வழுவழுன்னு ஒரு சோப்பு. பாத்திரத்துல ஒட்டிக்கிட்டுப் போகமாட்டேங்குது."

நானும் சோப்பைக் குறை சொன்னேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பேனா சரியில்லை. எழுத்து கோணுகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பேனாவை மாற்றினேன். இதுவும் சரியில்லை. இப்போதெல்லாம் யாரும் நல்ல பேனா செய்வதில்லை.

காலையில் ஒரு பழைய கார்க் கதவை வைத்து இரண்டு மிஷினையும் ஓட்டிப் பார்த்தேன். பாலிஷுக்குத் தடவும் காம்பவுண்டு பாட்டிலின் மூடியைப் பல்லால் திருகித் திறந்தபோது அக்கா பார்த்துவிட்டார். "ஏனம்மணி, கையில்லையா உனக்கு?" வேகத்துக்காக என்றேன். காம்பவுண்டின் சுவை பற்றிக் கேட்டால் சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் கலந்தது என்று இப்போது என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும்.

எங்கள் தொழிலில் தெர்மாமீட்டர் என்பது வலது கையின் விரல் நுனிகள்தான். மிஷின் ஒரு நடை போய் வந்ததும் தகட்டில் விரல்களை வைத்துப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு என்றால் இன்னொரு நடை போகலாம். விரல் தானாகப் பின்வாங்கினால் நிறுத்திவிட வேண்டும். நிறத்துக்கு மேலே கண்ணாடிபோல் இருக்கும் பூச்சு, கிளியர் கோட், ஒரு தாளின் தடிமன்கூட இருக்காது. சூடு மிஞ்சினால் அது போய்விடும், போனால் வராது. அக்கா இதற்கென்று லேசர் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினார். துப்பாக்கி மாதிரி இருக்கும். அதைப் பார்த்து அதிகம் சிரித்தவள் நான். பேட்டரி தீர்ந்து மேசை டிராயரில் கிடக்கிறது.

கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்த தத்துவ ஞானி ஒருவர் அந்தக் காலத்தில் இருந்தார். இந்த வேலையில் சேர்ந்தபோது அம்மாவிடம் அவரைத்தான் உதாரணம் காட்டினேன். தேய்த்த தூசியே நுரையீரலில் இறங்கி நாற்பத்து நான்கு வயதில் செத்துப்போனார் என்று சொல்வார்கள். அந்தப் பகுதியை அம்மாவிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பாறை துளைக்கும் மிஷின் பிடிப்பவர்களின் விரல்கள் அதிர்வில் மரத்து வெளுத்துப்போவது பற்றி இன்று கொஞ்சம் படித்தேன். பொது அறிவுக்காக.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாச்சிமுத்து ஐயாவின் கறுப்பு வண்டி வந்திருக்கிறது. பம்ப் கம்பெனி வைத்திருப்பவர். ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் மகளுக்கு நிச்சயம். கறுப்பு என்பது கார்களில் பொய் சொல்லத் தெரியாத நிறம். துணியால் துடைத்த தடம்கூட வெயிலில் சிலந்தி வலையாகத் தெரியும்.

அவர் பானட்டை மாட்டைத் தடவுவதுபோல் தடவிவிட்டு, "போன வருசம் மரக்கிளை உளுந்து, ஹக்கீம்தான் இந்த பானட்ட அடிச்சுக் குடுத்தாப்ல. கம்பெனிக் கலர் தோத்துப்போச்சு. நீங்க பாலிசு போட்டீங்கன்னா மூஞ்சி பாத்துச் சீவிக்கலாம்," என்றார். அவருக்குச் சீவ அதிகம் இல்லை.

அக்காவுக்கு அப்போதுதான் யோசனை வந்தது. பானட்டின் நடுவே டேப் ஒட்டி, இடது பாதிக்குக் கரண்டு, வலது பாதிக்குக் காற்று. எங்கள் தொழிலில் எந்தச் சண்டையையும் இப்படித்தான் தீர்ப்போம். டேப்பை உரித்தால் நியாயம் தெரிந்துவிடும். ஆனால் பழைய கதவில் செய்வோம், வாடிக்கையாளர் வண்டியில் செய்யமாட்டோம்.

"எது மினுக்குதோ அதுக்கு என்ற ஓட்டு," என்று நாச்சிமுத்து ஐயா சம்மதித்துவிட்டார்.

"வலது பக்கம் நான் ஓட்டறேன்," என்றார் ஹக்கீம் அண்ணன். பிறகு என்னைப் பார்த்து, "இல்லீன்னா ரெண்டையும் நானே ஓட்டிக் காட்டட்டுமா டீச்சர்? நீங்க நடுவரா இருங்க. நோட்டுல எளுதறதுக்கு ஆளு வேணுமில்ல?"

பெண்களை நோட்டு எழுத உட்கார வைப்பதன் வரலாறு பற்றி இரண்டு நிமிஷம் பேசினேன். நன்றாகவே பேசினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

வெற்றி என்று நினைத்தேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

பத்து மணிக்குத் தொடங்கினோம்.

காற்று மிஷின் தோற்றுக்கொண்டிருந்தது. அதைத்தான் முதலில் எழுதத் தோன்றுகிறது. பட்டறையில் யாரோ டயருக்குக் காற்றடித்ததும் ஹக்கீம் அண்ணனுடைய மிஷின் தூங்கி வழிந்தது. இரண்டு முறை நிறுத்தி, குழாயில் சேர்ந்த தண்ணீரை வடித்தார். ஹோஸ் அவர் காலைச் சுற்றிக்கொண்டது. "பாம்பாட்டி வேலையா இருக்குது," என்று சிரித்தார். என் பக்கம் பதினோரு மணிக்கே கிணற்றுத் தண்ணீர்போல ஆகிவிட்டது. குனிந்தால் என் முகம் தெரிந்தது. கர்வம் பிடித்த முகம்.

பானட்டின் ஓரத்தில் ஒரு மடிப்பு ஓடும். முகடு. அங்கே பெயிண்ட் மெலிசாக இருக்கும் என்பதால் மேலே டேப் ஒட்டிக்கொண்டுதான் பாலிஷ் போட வேண்டும். ஒட்டியிருந்தேன். ஆனால் ஹக்கீம் அண்ணனின் பக்கத்தைவிட என் பக்கம் முகடுவரை ஜொலிக்க வேண்டும் என்று தோன்றியது. டேப்பை உரித்துவிட்டுக் கடைசியாக ஒரு நடை போனேன். விரல்களை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. இன்னொரு நடை. வைத்துப் பார்த்தேன். இல்லை. மூன்றாவது நடை.

மிஷின் முனையில் சுற்றும் வெள்ளைப் பேடில் கறுப்பு ஏறியிருந்தது.

கிளியர் கோட்டைத் தேய்க்கும்வரை பேட் வெள்ளையாகவே இருக்கும். நிறம் ஒட்டினால் அது போய்விட்டது என்று பொருள். மிஷினை அணைத்துத் துடைத்தேன். முகட்டில் கட்டைவிரல் நகம் அளவுக்கு மங்கலாக ஒரு வடு. கண்புரை விழுந்ததுபோல் இருந்தது.

சந்தேகத்துக்கு இடது கையை அருகில் வைத்தேன். உடனே எடுத்துக்கொண்டேன். தோசைக்கல்.

ஹக்கீம் அண்ணன் டேப்பைத் தாண்டி வந்தார். பேடைப் பார்த்தார். பிறகு என் வலது கையைப் பார்த்தார். பானட்டைக் கடைசியாகத்தான் பார்த்தார்.

அக்கா வந்தார். "என்னாச்சு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஹக்கீம் அண்ணன் சொல்லிவிட்டார்.

"நம்ம கைவேலைதானுங்க்கா. போன வருசம் நான் அடிச்ச பானட்டில்ல? இந்த மடிப்புல கிளியர் மெலிசாப் போயிருக்குதாட்ட இருக்குது. யாரு ஓட்டியிருந்தாலும் போயிருக்கும்."

"நீயா? நீ அப்படி அடிக்கமாட்டியே, ஹக்கீமு."

"மனுசன்தானுங்க்கா."

இன்று நான் சொல்லாமல் விட்டது: எல்லாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடுமுறை. யோசித்துப் பார்த்ததில், ஹக்கீம் அண்ணன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தேன். பெயிண்ட் மெலிசாக இருந்திருக்கலாம். யார் அளந்தார்கள்? வரலாற்றில் ஒரு சம்பவத்துக்குப் பல காரணங்கள் உண்டு என்று முதலாண்டிலேயே சொல்லித்தருகிறார்கள்.

பிறகு துணி காயப்போட்டேன். கிளிப்பை விரல்களால் அழுத்தித் திறக்க முடியவில்லை. இடது கையால் திறந்தேன். இந்தக் கிளிப் மெலிசாக அடிக்கப்பட்டது அல்ல.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "கையக் கொண்டா பாக்கலாம்."

"ஒண்ணுமில்லம்மா. கைய மடிச்சுப் படுத்துட்டேன்."

"ஒரு மாசமாவா?"

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். இடது கையில்.

ஏன் சொல்லவில்லை என்பதை இங்கேயாவது எழுதலாம். ஆராய்ச்சியை விட்டபோது, எனக்குக் கையால் செய்யும் வேலைதான் வேண்டும் என்று வீட்டில் பெரிய பிரசங்கமே செய்தேன். மூளையை நம்பி ஏமாந்தவளுக்குக் கைதான் மிச்சம் என்பதுபோல. இப்போது கையும் வராது என்றால் அடுத்து எந்த உறுப்பைக் காட்டிப் பிரசங்கம் செய்வது?

ஆகஸ்ட் 11, திங்கள்

நாச்சிமுத்து ஐயா வந்தார். முகட்டை வெகுநேரம் பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மகளுக்கு நிச்சயம் வச்சிருக்கறப்ப இப்படியாயிப்போச்சே, ஹக்கீமு."

"நான் திரும்ப அடிச்சுத் தர்றனுங். வெள்ளிக்கெளமைக்குள்ள முடிச்சர்றேன்."

"அடிச்சுக் குடு. ஆனா ஒண்ணு. அடுத்த மாசம் கம்பெனி வேனு மூணையும் உன்றகிட்டத்தான் உடலாம்னு இருந்தேன். அத வேற எடத்துல பாத்துக்கறேன். தப்பா நெனச்சுக்காத."

"அதுக்கென்னுங். உங்க இஷ்டமுங்."

நான் அப்போது ஒரு பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கனவே துடைத்த கண்ணாடி. அவர்கள் பேசி முடிக்கும்வரை துடைத்தேன். கோவையிலேயே சுத்தமான கண்ணாடி அதுவாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மதியம் பட்டறைக்குப் போனேன். ஹக்கீம் அண்ணன் அந்த பானட்டைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். என் பாதி, அவர் பாதி என்ற வித்தியாசமெல்லாம் போய் முழுவதும் சாம்பல் பூத்திருந்தது.

"எதுக்குண்ணா பொய் சொன்னீங்க?"

"எது பொய்யி?"

"மெலிசா அடிச்சேன்னு."

"மெலிசா அடிச்சிருக்கலாமில்ல? யாரு கண்டா?"

"நீங்க கண்டீங்க. பெயிண்ட் அளக்கற மீட்டர் உங்ககிட்ட இருக்குது."

சிரித்தார். தாளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டார். "படிச்சவங்ககிட்ட இதுதான் தொல்லை. டீச்சர், ரெண்டு மாசமா நீங்க பாட்டில் மூடியப் பல்லுல திருகறீங்க. செல்போன எடக்கையில எடுக்கறீங்க. மிஷின வச்சதும் கைய உதறறீங்க, தண்ணி சொட்டற மாதிரி. எங்க மாமா கிரைண்டர் புடிச்சவரு. அவருக்கு இப்படித்தான் ஆரமிச்சுது. வெளியில சொல்லல. கடசீல சட்டை பட்டனக்கூட மாமிதான் போட்டுவுடோணும்னு ஆயிப்போச்சு."

வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். பிறகு கோபப்பட்டேன். "அப்புறம் எதுக்குப் பொம்பளப் புள்ளைக்கு லேசான மிஷின்னு சொன்னீங்க?"

"பின்ன? அக்கா முன்னால இந்தப் புள்ளைக்குக் கை போச்சுன்னு சொல்றதா? நீங்களே மூடி வச்சிருக்கறீங்க. ஒரு சாக்கு சொல்லி லேசான மிஷின உங்க கையில குடுத்தரலாம்னு பாத்தேன். நீங்கதான் எனக்கு வரலாறு எடுத்தீங்க."

"அன்னிக்கு என்னை நடுவரா இருங்கன்னு சொன்னது..."

"அதுக்கும் ஒரு வகுப்பு எடுத்தீங்க."

பானட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு, விரல்களால் தடவிப் பார்த்தார். பத்து விரல்களாலும்.

"வேன் வேலை போயிருச்சேண்ணா."

"போனாப் போகுது. பெயிண்டு அடிக்க வண்டிக்கா பஞ்சம்? நீங்க போய்க் கையக் காட்டுங்க."

மூன்று வருஷமாகத் தினமும் சுவர் ஓட்டை வழியாக என்னைக் கேலி செய்யும் மனிதர். நானும் உலகத்தைக் கூர்ந்து கவனிப்பவள் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். கவனித்தது அவர்.

ஆகஸ்ட் 13, புதன்

சொன்னேன்.

முதலில் அக்காவிடம். நன்றாகத் தயாரித்துக்கொண்டு போனேன். மூன்று பகுதிகள், ஒரு முடிவுரை. அக்கா கார் கழுவும் ஷாம்பூவை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். முன்னுரைகூட வரவில்லை. "அக்கா, பானட்ட எரிச்சது நான்தானுங்க. வெரல்ல சூடு தெரியலீங்க. ரெண்டு மாசமாத் தெரியலீங்க."

அக்கா ஷாம்பூவை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். நகத்தால் ஆள்காட்டி விரலைக் கிள்ளினார்.

"தெரியுதா?"

"இல்லீங்க்கா."

நடுவிரல். "இது?"

"இல்ல."

சுண்டுவிரலில் கத்திவிட்டேன்.

"அறிவு கெட்டவளே," என்றார். மூன்று வருஷத்தில் முதல்முறை. "மிஷினப் பத்திப் பத்துப் பக்கம் எளுதிக் குடுத்தியே, உன்ற கையப் பத்தி ஒரு வரி எளுதுனியா? நான் அத எடுத்துட்டுப் போயி ராத்திரிச் சாப்பாட்ட உட்டுட்டுப் படிச்சேன், புரியாத எடத்துலயெல்லாம் கோடு போட்டு!"

அது இன்னும் மோசமாக இருந்தது.

பிறகு நாச்சிமுத்து ஐயாவுக்குப் போன் செய்து கொடுத்தார். அவரிடமும் சொன்னேன். டேப்பை உரித்தது, மூன்று நடை, ஹக்கீம் அண்ணன் தானாக ஏற்றுக்கொண்டது, நான் பக்கத்தில் கண்ணாடி துடைத்தது எல்லாம். அந்தப் பக்கம் பம்ப் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நீ சொன்னது நல்லதாப் போச்சு அம்மணி," என்றார் கடைசியில். "ஆனா பானட்டு பானட்டுதானே."

"ஆமாங்க ஐயா."

"வேனு விசயம் ரோசன பண்ணிச் சொல்றேன்."

மன்னித்துவிட்டார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கையைக் காட்டினேன். அவள் பிரசங்கம் எதையும் நினைவூட்டவில்லை. டம்ளரில் பாதி அளவுக்கு மட்டும் காபி ஊற்றிக் கொடுத்தாள். ஒரு மாதமாகவே பாதி டம்ளர்தான் தருகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. பால் விலை ஏறிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆஸ்பத்திரி. கையில் ஊசிகள் குத்தி, சின்னச் சின்ன ஷாக் கொடுத்து, திரையில் கோடுகள் பார்த்தார்கள். ஈரத்தில் ஷாக் அடிக்காது என்று நான் காற்று மிஷினுக்கு ஒரு மதிப்பெண் கொடுத்திருந்தேன். அது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். டாக்டர் ஏன் என்று கேட்டார். விளக்க முடியவில்லை.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். அதிர்வில் விரல் நுனி நரம்புகளும் களைத்திருக்கின்றனவாம். ஆறு வாரம் எந்த மிஷினையும் தொடக்கூடாது. பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். தேறாவிட்டால் ஆபரேஷன்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"இரண்டு மாசம்." அம்மா என்னைப் பார்த்தாள். "நாலு மாசம்," என்றேன்.

"வலது கையால எழுதறதயும் குறைச்சுக்கோங்க."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இடது கை எழுத்து. ஒன்றாம் வகுப்பு போலிருக்கிறது. சுருக்கமாக எழுத வேண்டிய கட்டாயம். என் நடைக்கு நல்லது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கடைக்குப் போகிறேன். துடைப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது, நோட்டு எழுதுவது. ஆம், நோட்டு. இடது கையால்.

ஹக்கீம் அண்ணன் சுவர் ஓட்டையில் எட்டிப் பார்த்து, "எளுத்து கோளி கிண்டுன மாதிரி இருக்குதே டீச்சர்," என்றார். பதில் வகுப்பு எடுக்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

பட்டையைக் கழற்றியாயிற்று. வலது கை எழுத்து. நடந்தவற்றை எழுதிவிடுகிறேன்.

ஹக்கீம் அண்ணன் சொன்ன நாளில் பானட்டை அடித்துக் கொடுத்தார். நிச்சயத்துக்கு அந்த வண்டிதான் போயிற்று. மூன்று வேன்களில் இரண்டு அவரிடம் வந்தன. மூன்றாவது வரவில்லை. அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்கா காற்று மிஷினை வைத்துக்கொண்டு கரண்டு மிஷினைத் திருப்பி அனுப்பிவிட்டார். காற்றில் ஈரம் வராமல் இருக்க வடிகட்டி ஒன்று போட்டாயிற்று. நாங்கள் பாலிஷ் போடும்போது பட்டறையில் டயருக்குக் காற்றடிப்பதில்லை. சுவரைத் தட்டினால் நிறுத்திவிடுகிறார்கள். என் பத்துப் பக்க அறிக்கையை அக்கா கிழிக்கவில்லை. ஜன்னல் ஆடாமல் இருக்க மடித்துச் செருகியிருக்கிறார். லேசர் தெர்மாமீட்டருக்குப் புது பேட்டரி போட்டது நான்.

ஆள்காட்டி விரலில் உணர்வு வந்துவிட்டது. நடுவிரல் நுனியில் இன்னும் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஓட்டலாமாம்.

இன்று அரை மணி நேரம் ஓட்டினேன். லேசாக இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன்.